இடது பக்கத்துச் சிரிப்பு

சாவு வீட்டுக்குப் போகும்போது ஜெகநாதன் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போவான். மற்றவர்கள் கண்ணைத் துடைக்கத் துண்டு கொண்டுபோவார்கள். இவன் வாயை மூடக் கொண்டுபோவான். மூடாவிட்டால், பிணத்தைப் பார்த்து ஒருத்தன் சிரித்துக்கொண்டு நிற்கிறான் என்று பங்காளிகள் அடிக்க வந்துவிடுவார்கள். அம்மையார்குப்பத்தில் ஒரு தடவை வந்தும் விட்டார்கள். செத்தவர் அவனுடைய சொந்தப் பெரியப்பா என்பதால் அடி கொஞ்சம் குறைவாக விழுந்தது.

விஷயம் இதுதான். அவன் வாயின் இடது கோடி மேலே ஏறி நிற்கும். வலது கோடி சாதுவாகக் கீழேயே கிடக்கும். தூங்கினாலும் அப்படித்தான், காய்ச்சலில் கிடந்தாலும் அப்படித்தான். 'உன் சங்கதி எனக்குத் தெரியும்' என்று சொல்லாமல் சொல்கிற முகம். மறைக்க ஏதாவது உள்ளவர்கள் அவனைக் கண்டால் அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்கள். அவனுக்கோ யாருடைய சங்கதியும் தெரியாது. தெரிந்துகொள்கிற ஆசை மட்டும் நிறைய உண்டு.

இந்தச் சிரிப்பு பிறவியில் வந்ததில்லை. சின்ன வயசில் விஷ ஜுரம் கண்டு அவன் பிழைப்பானா என்று கிடந்தபோது, தாயார் சின்னம்மாள் திருத்தணி மலையைப் பார்த்துக் கும்பிட்டு, பிள்ளை பிழைத்து ஆளானால் கன்னத்தில் அலகு குத்திக்கொண்டு காவடி எடுப்பான் என்று வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தான். மீசை முளைத்ததும் ஓர் ஆடிக் கிருத்திகையன்று சரவணப் பொய்கைக் கரையில் அவனை உட்காரவைத்தார்கள். அலகு குத்த வந்தவன் முனியன். மற்ற நாட்களில் தச்சன், கிருத்திகை நாளில் பூசாரி. வெள்ளி வேலை இடது கன்னத்தில் நுழைத்து வலது கன்னத்தில் எடுக்க வேண்டும். ஊரெல்லாம் அரோகரா போட, முனியன் பிடி விபூதியை அள்ளிக் கன்னத்தில் அடித்தான். அந்த விபூதியில் கொஞ்சம் முனியன் மூக்கிலேயே ஏறியது. வேல் நுழைகிற அதே நேரத்தில் தும்மினான்.

புண் ஆறிவிட்டது, இழுத்த இடம் இறங்கவில்லை. இடது கன்னத்தில் ஒரு குழியும் அதற்குக் கீழே ஒரு சிரிப்புமாக அவன் எழுந்து வந்தான். முருகன் வைத்த சிரிப்பு என்றார்கள். முனியன் தும்மிய சிரிப்பு என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அதற்குப் பிறகு ஜெகநாதன் வருஷா வருஷம் புஷ்பக் காவடியோடு நிறுத்திக்கொண்டான்.

அந்தச் சிரிப்பால் ஒரு லாபமும் வந்தது. நகரியில் நெசவுக்காரர் வீட்டுப் பெண் கமலாவைப் பார்க்கப் போனபோது, அதற்கு முன் வந்த மாப்பிள்ளைகளெல்லாம் ஆட்டுச் சந்தைக்கு வந்தவர்களைப் போல அவளைப் பார்த்தார்களாம். இவன் ஒருத்தன்தான் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தானாம். அவள் சம்மதித்துவிட்டாள். கல்யாணமான பிறகுதான் அந்தச் சிரிப்பு தனக்கென்று வந்ததில்லை, சுவரைப் பார்த்தாலும் அதே சிரிப்புதான் என்று தெரிந்தது. ஆனால் கமலா கெட்டிக்காரி. முதல் மாசத்திலேயே வேறொன்றைக் கண்டுபிடித்துவிட்டாள். நிஜமாகவே சிரிப்பு வந்தால் ஜெகநாதனுக்கு வாய் அசையாது. அது போகவேண்டிய இடத்துக்கு முன்பே போய்விட்டது. அதற்குப் பதிலாகக் காதுகள் இரண்டும் கன்றுக்குட்டிக் காது மாதிரி மேலேறி இறங்கும். உலகத்தில் இது அவளுக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும்.

ஊருக்கு வெளியே, கே.ஜி.கண்டிகை போகிற சாலையோரத்தில் ஒரு முசாபரி பங்களா இருந்தது. சுற்றுப்பயணம் வருகிற துரைமார் தங்குகிற இடம். அதற்குக் காவல், தண்ணீர் வைப்பது, விளக்குத் துடைப்பது எல்லாம் ஜெகநாதன். சமையல் கமலா. பின்னால் ஓர் அறை, நாலைந்து கோழி, ஒரு முருங்கை மரம். அறையும் கோழியும் முருங்கையும் வேலையோடு சேர்ந்தவை. வேலை போனால் அம்மையார்குப்பத்தில் அண்ணன் வீட்டுத் தறிப் பள்ளத்தில் இறங்கவேண்டியதுதான். அண்ணிக்கும் கமலாவுக்கும் ஒரே வீட்டில் ஒரு வேளைச் சோறு பொங்காது.

அது 1947. வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று பேப்பரில் வந்துகொண்டிருந்தது. ஆனால் பங்களாவுக்கு வந்தவர்கள் இன்னும் வெள்ளைக்காரர்களாகத்தான் இருந்தார்கள். பங்குனி வெயிலில் கிராப்டன் துரை வந்து இறங்கினார். சாலை இலாகா இன்ஜினீயர். நல்ல கனம். அவருக்குக் கீழே இருந்த ஓவர்சியர் பரந்தாமன் அந்தச் சாலையில் கட்டிய சின்னப் பாலம் ஒன்று, மாட்டுவண்டி ஏறியதும் உட்கார்ந்துவிட்டிருந்தது. அதற்காக ஓவர்சியரை வராந்தாவில் நிறுத்தி வைத்து, துரை நாற்காலியில் உட்கார்ந்தபடி காய்ச்சிக்கொண்டிருந்தார். எதைக் கட்டினாலும் பாரம் தாங்கும்படி கட்டவேண்டும் என்று இங்கிலீஷில் சொல்லிக் கைப்பிடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

நாற்காலி உட்கார்ந்துவிட்டது. அது முனியன் செப்பனிட்ட நாற்காலி.

துரை கால் மேலே, தலை கீழே. ஓவர்சியர் பரந்தாமன் சட்டென்று நிமிர்ந்து உத்தரத்தில் ஓடிய பல்லியை ஆராயத் தொடங்கினார். துரையோடு வந்த டபேதார் சேவகன் தோட்டத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். ஓடிப்போய்க் கைகொடுத்துத் தூக்கியவன் ஜெகநாதன் ஒருத்தன்தான். எழுந்திருக்கும்போது துரையின் மூக்குக்கு நேரே இருந்தது அவன் முகம். இடது கோடி மேலே.

துரை சிவந்துபோனார். ஒரு வார்த்தை சொன்னார், திரும்பத் திரும்ப அதே வார்த்தை. அப்புறம் ஓவர்சியரைக் கூப்பிட்டு ஏதோ உத்தரவு போட்டுவிட்டு, சூப்பைக்கூடக் குடிக்காமல் அரக்கோணத்துக்குப் புறப்பட்டுவிட்டார்.

ஓவர்சியர் தோட்டத்துக்கு வந்து முருங்கை மரத்தடியில் நின்று தொண்டையைச் செருமினார்.

"டேய் ஜெகநாதா, உன் மூஞ்சியில ஸ்மர்க் கீதாம்டா. துரை அடுத்த தபா வர்றதுக்குள்ள அத்த எடுத்துடணுமாம். இல்லன்னா உன்னை எடுத்துடணுமாம்."

ஸ்மர்க் என்றால் என்ன என்று ஜெகநாதன் கேட்டான். ஓவர்சியருக்கு அது தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமும் கிடையாது. பெரிய குற்றம், வெளியே சொல்லக்கூடாது என்றார். அவருக்கு வேலையில்லாத மச்சான் ஒருத்தன் அரக்கோணத்தில் இருந்தான். அந்த வாரமே ஓவர்சியர் அவனுக்கு வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தார் என்று தையல்காரன் வழியாகக் கமலாவுக்குத் தெரியவந்தது.

ஊர் தன் பங்குக்கு அர்த்தம் சொன்னது. டீக்கடையில் ஒருவன் அது தோல் வியாதி என்றான். இன்னொருவன், யுத்தத்தில் ஜப்பான்காரனுக்கு உளவு சொன்னவர்களை அப்படித்தான் சொல்வார்கள் என்றான். அன்றிலிருந்து சில பேர் ஜெகநாதனைப் பார்த்தால் எழுந்து நின்றார்கள், சில பேர் தள்ளி நின்றார்கள்.

அன்றைக்கு முருங்கைக் கீரை உருவிக்கொண்டே கமலா கேட்டாள். நகரி வழக்கப்படி புருஷனை அவள் பாவா என்றுதான் கூப்பிடுவாள்.

"நெஜத்தைச் சொல்லு பாவா. அவுரு உழுந்தப்ப நீ சிரிச்சியா?"

"அது முருகன் வச்ச வாயி. நான் இன்னா பண்றது."

"வாயைக் கேக்கல. காதைக் கேக்கறேன்."

ஜெகநாதன் கீரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காது பதில் சொன்னது. கமலா முறத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினாள். அப்புறம் இரண்டு பேருக்குமே அண்ணியின் ஞாபகம் வந்தது, கீரையை வேகமாக உருவினார்கள்.

முதலில் இறக்கிப் பார்த்தார்கள். இடது கோடியில் மஞ்சள் பற்றுப் போட்டுத் துணியால் கட்டினார்கள். கட்டை அவிழ்த்ததும் வாய் பழைய இடத்துக்குப் போய்விட்டது. வலது கன்னத்துக்குள் எலுமிச்சம்பழத்தை அடக்கிக்கொண்டு இரண்டு நாள் நடந்தான். சிரிப்பு போகவில்லை, பல் கூசியது. கடைசியில், வியாதியின் பேர் தெரியாமல் வைத்தியம் பார்ப்பதில் அர்த்தமில்லை என்று சொல்லிக் கமலா அவனை மிஷன் பள்ளி ஜெபதுரை வாத்தியாரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

ஜெபதுரையிடம் இங்கிலீஷ் வார்த்தை ஒன்றைக் கொடுப்பது வாணலியில் வடையைப் போடுவது மாதிரி. உள்ளேயிருந்து அவர் மனைவி கிரேஸ், 'சோறு ஆறுது, அந்த வார்த்தையோட பாட்டனோட நிறுத்திக்கங்க, பூட்டன் வேணாம்' என்று குரல் கொடுத்தாள். அவர் நிறுத்தவில்லை. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய இங்கிலீஷில் ஸ்மர்க் என்றால் வெறும் புன்னகைதான், அதில் ஒரு குற்றமும் கிடையாது என்றார். ஸ்மைல் என்ற சொல் அப்போது பிறந்திருக்கவே இல்லை, பின்னால்தான் வந்தது, வடக்கே கடல் தாண்டி வந்திருக்கலாம் என்று படித்தவர்கள் சொல்கிறார்கள் என்றார்.

"வந்தவ எளையவ. வந்ததும் நல்ல பேரெல்லாம் அவளே எடுத்துக்கினா. மூத்தவளுக்கு மிச்சம் இருந்தது கெட்ட பேரு. திமிர்ச் சிரிப்பு, கேலிச் சிரிப்பு, ஒதட்டோரச் சிரிப்பு, இதுக்கெல்லாம் இப்ப ஸ்மர்க்னு பேரு."

"மலை மேல முருகனோட ரெண்டு சம்சாரத்துக்கும் அதே கதைதானே," என்றாள் கமலா.

ஜெபதுரைக்கு அந்த மலை விவகாரத்தில் தலையிட இஷ்டமில்லை. தமிழுக்குத் தாவிவிட்டார். நாற்றம் என்றால் பழைய தமிழில் வாசனை, பூவின் நாற்றம் என்று பாட்டில் எழுதினார்கள், இன்றைக்கு உன் வீட்டில் நாற்றம் என்று சொல்லிப் பார், சண்டைக்கு வருவாய், மனிதர்கள்தான் கெட்டுப்போகிறார்கள் என்றில்லை, வார்த்தைகளும் சகவாசத்தால் கெடுகின்றன என்றார். தானே துரையை நேரில் பார்த்து, பழைய அர்த்தத்தை எடுத்துச் சொல்லி, இவன்மேல் குற்றமே இல்லை என்று வாதாடுவதாகவும் சொன்னார்.

கமலா கையெடுத்துக் கும்பிட்டாள்.

"வேணாங்க ஐயா. துரைக்கு அவுரு பாஷையையே சொல்லிக்குடுத்தா, எங்க வேலையோட உங்க வேலையும் போயிடும். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. ஒரு பக்கம் ஏறினா ஸ்மர்க்கு. ரெண்டு பக்கமும் ஏறினா?"

"ரெண்டு பக்கமும் சமமா ஏறினா ஸ்மைல். அது மரியாதை."

கமலா எழுந்துகொண்டாள். வழி நெடுக அவள் பேசவில்லை. அவள் பேசாமல் நடந்தால் ஏதோ வரப்போகிறது என்று ஜெகநாதனுக்குத் தெரியும். அவன் கை தானாக வலது கன்னத்துக்குப் போயிற்று.

மறுநாள் முனியனின் பட்டறையில் அவள் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். வரப்போகிற ஆடிக் கிருத்திகைக்கு ஜெகநாதன் மறுபடி அலகு குத்திக்கொள்வான். இந்தத் தடவை வேல் வலது பக்கம் நுழையவேண்டும். அன்றைக்குத் தும்மினது போலவே தும்மி, அதே அளவுக்கு மேலே இழுக்கவேண்டும்.

முனியனுக்குக் கோபம் வந்தது. வருஷக்கணக்காக யாரும் வாய்விட்டுச் சொல்லாத தும்மலை ஒரு பெண்பிள்ளை பட்டறை நடுவில் எடுத்து வைத்துவிட்டாள். "சாமி காரியத்துல வேணும்னே தப்புப் பண்ணமாட்டேம்மா. தானா வந்தா அது அவன் செயலு. நானா வரவச்சா அது பாவம்," என்றான். இழைப்புளியை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டான்.

"தானா வந்தா பாவமில்லியே?" என்று கமலா கேட்டுவைத்துக்கொண்டாள். வழியில் கடையில் நின்று, நல்ல காரமான மூக்குப்பொடியாகப் பார்த்து ஒரு மட்டை வாங்கினாள்.

கிருத்திகையன்று பொய்கைக் கரையில் கால் வைக்க இடமில்லை. பம்பை ஒரு பக்கம், உடுக்கை ஒரு பக்கம், காவடிகள் மேலே ஆடிக்கொண்டிருந்தன. ஜெகநாதன் மஞ்சள் வேட்டியோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். பக்தி ஒரு பங்கு, பயம் மூன்று பங்கு. முனியன் வேலை ஏந்தி வலது பக்கம் வந்தான். காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று பார்த்து, கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு அந்தப் பக்கமாகக் கமலா போய் நின்றாள். அவள் இடுப்பில் செருகியிருந்த பொடி மட்டை எப்போது பிரிந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அரோகரா உச்சத்துக்குப் போனது. முனியனின் முகம் கோணியது, மூக்கு விரிந்தது. பம்பைச் சத்தத்துக்கு மேலே கேட்டது அந்தத் தும்மல்.

வேல் ஏறவேண்டிய இடத்துக்கு ஏறிவிட்டது. முனியன் தலையில் கைவைத்துக்கொண்டு, "இந்த மூஞ்சிக்கும் என் மூக்குக்கும் இன்னா பகைன்னு தெரியலியே," என்று அழுதான். கமலா மலை மேலே போய்ச் சாமிக்குத் தேங்காய் ஒன்று அதிகமாக உடைத்தாள். அது மூக்குப்பொடிக்காக.

துரை அந்த வாரமே வந்துவிட்டார். ஆனால் இது பரிசோதனைக்கு வந்த வருகை இல்லை. தேசம் கைமாறுகிறது, அவர் கப்பல் ஏறப்போகிறார், கடைசியாக ஒரு சுற்று. ஓவர்சியர் பரந்தாமன் பிரிவுபசாரத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். உபசாரப் பத்திரம் வாசிக்க ஜெபதுரை வாத்தியார். வராந்தாவில் வரிசையாக எல்லோரும் துக்கத்தோடு நின்றார்கள். துக்கத்தை முந்தின நாளே ஒத்திகை பார்த்திருந்தார்கள். வரிசையின் நடுவில் ஓவர்சியரின் மச்சான், புது வெள்ளைச் சட்டையில். வரிசைக் கடைசியில் ஜெகநாதன். இரண்டு கன்னமும் வீங்கி, மேலே மஞ்சளும் விபூதியும் அப்பி, இரண்டு கோடியும் காதுப் பக்கம் ஏறி, பல்லெல்லாம் வெளியே. உதட்டை மூடவே முடியவில்லை. நாலு நாளாகக் கஞ்சிதான்.

ஜெபதுரை பத்திரத்தில் பாதி வாசிக்கையில் துரையின் கண் அந்தக் கடைசி முகத்தில் போய் நின்றது. அந்த ஆள் ஏன் 'க்ரின்' செய்கிறான், அதாவது பல்லை இளிக்கிறான், என்று கேட்டார். ஓவர்சியர் மச்சானின் முதுகில் மெல்லக் கைவைத்து முன்னே தள்ளத் தயாரானார்.

ஜெபதுரை பத்திரத்தை மடித்துவிட்டார். அடக்க முடியாத ஆசை அவருக்கு வந்துவிட்டது. துரை அவர்கள் மிகச் சரியான சொல்லைச் சொன்னார்கள் என்றார். க்ரின் என்ற சொல்லுக்குத் தங்கள் முன்னோர் வைத்திருந்த முதல் பொருள் சிரிப்பே இல்லை, வலியிலோ கோபத்திலோ பல் வெளியே தெரிவது, இவன் வலியில் நிற்கிறான் என்றார். என்ன வலி என்று துரை கேட்க, வேல், கன்னம், தங்கள் உத்தரவு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிமுடித்தார். மூக்குப்பொடியை மட்டும் விட்டுவிட்டார், அது அவருக்குத் தெரியாது.

துரையின் கை அவருடைய சொந்தக் கன்னத்துக்குப் போயிற்று. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. பிறகு அவர் இறங்கி வந்தார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சாலைக்கு மட்டம் பார்க்கிற மாதிரி ஜெகநாதனின் வாயை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். ஜெகநாதன் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றான். முருங்கையும் கோழியும் அண்ணியின் முகமும் கண் முன்னால் வந்தன. அப்போது அவன் காதுகூட அசையவில்லை.

"மட்டம் சரியாக இருக்கிறது," என்று துரை ஓவர்சியரிடம் இங்கிலீஷில் சொன்னார். "இந்தச் சாலையில் மட்டம் சரியாக உள்ள ஒரே வேலை இது. இவன் இருக்கட்டும்."

ஓவர்சியர் உத்தரத்தைப் பார்த்தார். பல்லி இல்லை. மச்சான் சாயங்கால ரயிலுக்கு அரக்கோணம் திரும்பினான், சட்டையை ஓவர்சியரே வைத்துக்கொண்டார். விருந்தில் துரை கோழியைத் தொடவில்லை. வாயைத் திறக்கவே என்னவோ போலிருக்கிறது என்று சூப்போடு எழுந்துவிட்டார்.

கொடி ஏறியது, மிட்டாய் கொடுத்தார்கள். புரட்டாசிக்குள் ஜெகநாதனின் வீக்கம் வடிந்தது. வீக்கத்தோடு கூடவே வலது கோடியும் இறங்கிப் பழைய இடத்தில் சாதுவாகப் படுத்துக்கொண்டது. இடது கோடி மட்டும் மேலே. மூக்குப்பொடித் தும்மல் தும்மலாகாது, சாமி கணக்கில் அது சேராது என்று முனியன் தீர்ப்புச் சொன்னான். கமலா மறுபடி பற்றுக்கு மஞ்சள் அரைத்தாள், ஏனென்றால் புது இன்ஜினீயர் வரப்போகிறார், ஓவர்சியரும் மச்சானின் வெள்ளைச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறிவிட்டார்.

புது இன்ஜினீயர் சித்தூர்ப் பக்கத்து நாயுடு. கனத்தில் துரைக்குக் குறைந்தவரில்லை. அவர் வண்டியிலிருந்து இறங்குவதற்கு முன்பே ஓவர்சியர் காதில் ஓதியிருந்தார், இந்த ஆள் அதிகாரிகளைப் பார்த்து ஸ்மர்க் பண்ணுகிறவன் என்று. நாயுடு வராந்தாவில் ஏறி நேரே ஜெகநாதன் முன்னால் வந்து நின்றார்.

"ஏமிரா, நவ்வுதாவு?"

என்ன சிரிப்பு என்று இவ்வளவு நாளில் அவனையே நேராகக் கேட்ட முதல் அதிகாரி அவர்தான். ஜெகநாதன் கைகளைக் கூப்பினான்.

"சிரிப்பு இல்லீங்க சாமி. ஆடிக் கிருத்திகைக்கு அலகு குத்தினது."

நாயுடு குனிந்து கன்னத்துக் குழியைப் பார்த்தார். மிதியடியைக் கழற்றினார். இரண்டு கன்னத்திலும் பட்பட்டென்று போட்டுக்கொண்டார். சுப்ரமண்யா, சுப்ரமண்யா என்று கண்களை மூடிக்கொண்டே பின்னால் நகர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஓவர்சியர் சிக்கனமாக முனியனையே விட்டு மறுபடி செப்பனிட்ட அதே நாற்காலி.

நாற்காலி இந்தத் தடவை அவசரப்படவில்லை. ஒரு கால் மெல்ல நகர்ந்தது, அப்புறம் இன்னொன்று. நாயுடு கண் திறக்காமல், நாமத்தை நிறுத்தாமல், தேர் பள்ளத்தில் இறங்குவது போலக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஓவர்சியர் பல்லியைத் தேடினார்.

ஜெகநாதனின் காதுகள் கிளம்பிவிட்டன. அவன் நிறுத்திப் பார்த்தான், நிற்கவில்லை. சமையலறைக் கதவோரத்தில் சூப்புக் கிண்ணத்தோடு நின்ற கமலா பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்.

"பாவா, காதைப் புடிச்சிக்கோ."

அவன் கைகளை மாற்றிக் காதுகள் இரண்டையும் இறுகப் பிடித்துக்கொண்டான். பிடித்த வேகத்தில் முழங்கால் மடங்கியது. உட்கார்ந்து எழுந்தான். நாயுடு தரையில் அமர்ந்து கண்ணைத் திறந்தபோது, தன் எதிரில் ஒரு பக்தன் கண்ணீர் வழியத் தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருப்பதைப் பார்த்தார். தானும் உட்கார்ந்த இடத்திலிருந்தே இன்னொரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.